அக்கா கேட்ட கப் கேக்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப் போட்டுவிட்டேன். காரணம் இரண்டு. ஒன்று, நீங்கள் சிரிப்பீர்கள். இன்னொன்று, என் அக்கா அடிப்பாள்.

போன வாரம் சுண்ணாம்புக்குளத்திலிருந்து ஒரு சொந்தக்காரர் போன் செய்தார். "இன்னாபா, உங்க அக்காவுக்கு கேக்கு துன்னு நோவு போச்சாமே! எந்த பேக்கரி? நம்ம மச்சானுக்கும் வாங்கணும்."

தூக்கிவாரிப் போட்டது. கதை வாய் மாறி வாய் மாறி அங்கே போய் நிற்கிறது! இனியும் சும்மா இருந்தால் தப்பு. அக்காவிடம் கேட்டேன். "எழுது. நடந்ததை மட்டும் எழுது" என்றாள்.

நடந்தது இதுதான்.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம். முதல் மருந்து ஏறியதுமே நாக்கு செத்துவிட்டது. கஞ்சி, இட்லி, மீன் குழம்பு... எதுவும் இறங்கவில்லை. "எடை ஏறினாத்தான் அடுத்த மருந்து" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஏறாவிட்டால்?

என் மனைவி சாந்தி கெஞ்சினாள். "அண்ணி, மனசுக்கு இன்னா தோணுதோ சொல்லுங்க. செஞ்சு தரேன்."

"அத்த நீ செய்ய முடியாது சாந்தி. கப் கேக்கு. அந்த நாள்ல நான் வாங்கியாருவேனே... அது."

எந்தக் கேக்கைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

அக்கா ஏரியில் கையால் துழாவி இறால் பிடித்தவள். பனை ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்தபடியே நகர்வாள். அகப்படுகிற இறால் எல்லாம் அந்தப் பைக்குள் போகும். ரயிலேறிப் போய் கும்மிடிப்பூண்டியில் விற்றுவிட்டுத் திரும்புவாள். நான் ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் காத்திருப்பேன் — அக்காவுக்காகவா, கேக்குக்காகவா? இன்று வரை எனக்கே தெரியாது. ஒரே ஒரு கேக். அவள் பாதி, நான் பாதி. அடியில் இருக்கிற காகிதம் எனக்குத்தான். ஒட்டிய தூளைப் பல்லால் சுரண்டுவேன். "காகிதத்தையும் முழுங்கிடாத நைனா" என்று சிரிப்பாள்.

அந்தக் கேக்கைத் தேடிக் கிளம்பினேன்.

முதலில் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கத்துக் கடை. அக்கா அன்று வாங்கிய அதே கடை, அதே அடுப்பு. அப்பன் போய் மகன் உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான். அக்கா ஒரு விள்ளல் வாயில் வைத்தாள். "இது இல்லடா."

பொன்னேரி பஸ் ஸ்டாண்ட் பேக்கரி. "மணலாட்டம் உதிருது."

சென்னை மாலில் ஒரு கடை. மேலே ரோஸ் கலரில் கிரீம், அதற்கு மேல் மணி மணியாய் சர்க்கரை. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது துன்றதுக்கா, மூஞ்சில தடவிக்கறதுக்கா?"

சாந்தி சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் தட்டில் கேக் அப்படியே இருந்தது. அக்காவின் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. தினமும் எல்லையம்மன் கோயிலில் விளக்கேற்றி நின்றேன். வேறென்ன செய்வேன்?

எந்தக் கேக் வாங்கினாலும் முதலில் நான் ருசி பார்ப்பேன். பழசு, புளிப்பு என்றால் அக்காவிடம் போகாது. அப்படி ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. வேறு கடை எதுவும் தோன்றாமல் திரும்பவும் அந்த ஸ்டேஷன் கடையிலேயே வாங்கினேன். ஆரம்பாக்கத்தில் இறங்கினால் பேய் மழை. அட்டைப் பெட்டி ஊறிப் பிய்ந்தது. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் எங்கள் ஊர் கன்னியம்மா. இறால் விற்றுவிட்டு வருகிறாள்.

"இன்னா அண்ணாத்த, கேக்க குளிப்பாட்டி எடுத்துனு போறியா? குடு இப்டி!" பிடுங்கித் தன் காலிப் பறிக்குள் போட்டு மூடிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து எடுத்தேன். நசுங்கி, ஈரம் பட்டு... கொடுக்கலாமா? ருசி பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் கேக்கில் முட்டை. வெள்ளிக்கிழமை எனக்கு முட்டை கிடையாது; அம்மனுக்கு விரதம். வாசலில் யோசித்துக்கொண்டு நின்றேன்.

"அங்க இன்னாத்த வெச்சினு நிக்கற? குடுடா" என்றாள் அக்கா.

வாங்கினாள். கடித்தாள். நிறுத்தினாள். மறுபடி கடித்தாள். முழுக் கேக்கும் போயிற்று. காகிதத்தைச் சுரண்டினாள்!

"இதான்டா! எந்தக் கடை?"

"நீ முதல்ல வேணாம்னியே, அதே கடைதான். கன்னியம்மா பறில போட்டு எடுத்தாந்தா."

அக்கா கையை முகர்ந்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள்... எத்தனை நாள் கழித்து! "அடப்பாவி! நானும் காலிப் பறிலதான கொண்டாருவேன்! இத்தினி வருசமா கேக்கு வாசனைன்னு நெனச்சது இறால் வாசனையா!"

எனக்கும் அதேதான். எங்கள் வீட்டுக்குக் கேக் வேறு எந்த வழியில் வந்தது? ஊர் ஊராகக் கடை மாற்றிப் பார்த்தேனே, வந்த வழியை நினைத்தேனா?

அன்றிலிருந்து கன்னியம்மாதான் எங்கள் பேக்கரி. அவள் கொடுத்த பழைய பறி ஒன்றைச் சாந்தி கழுவி வெயிலில் காயப் போட்டு, நான் வாங்கிவரும் கேக்கை வாழை இலையில் சுற்றி உள்ளே வைப்பாள். வாசனை எங்கே போகும்! கேக்கில் திறந்த வாய் கஞ்சிக்குத் திறந்தது, சோற்றுக்குத் திறந்தது. எடை ஏறியது. மருந்தும் ஏறியது. இன்று அக்கா எனக்கே அதட்டல் போடுகிறாள்.

அன்று மட்டும் நான் ருசி பார்த்திருந்தால், இறால் வாடை அடிக்கிறதே என்று கேக் குப்பைக்குப் போயிருக்கும். என் கையைப் பிடித்தது அம்மன்தான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூட்டாமல், குறைக்காமல் சொல்லுங்கள். நோயைத் தீர்த்தது டாக்டர் கொடுத்த மருந்து. வழி விட்டவள் எல்லையம்மன். கேக் செய்தது வாயைத் திறக்க வைத்தது மட்டும்தான். கேட்கிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்களே என்று அந்த இறால் வாசனையை மட்டும் எடுத்துவிடாதீர்கள் — அது இல்லாத கேக்கை என் அக்கா இன்னமும் தொடமாட்டாள்.