மச்சான் சுற்றி வந்த வழி

என் தங்கை கணவர் குடியை விட்டு இரண்டு வருடம் ஆகியும் நான் அவரை நம்பவில்லை. சிதம்பரத்தில் ஒரு ஜெபக்கூட்டத்தில் சேர்ந்ததிலிருந்து, "உலகம் உண்டாகறதுக்கு முன்னாடியே ஆண்டவர் என்னைத் தேர்ந்தெடுத்துட்டாரு மச்சான். இனிமே நான் விழவே மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடலூரில் கத்தோலிக்கனாக வளர்ந்தவன் நான். கடைசி மூச்சு வரை விழிப்பாக இருக்க வேண்டும் என்றுதான் எங்கள் கோயிலில் கேட்டிருக்கிறேன். விழவே மாட்டேன் என்கிறவர் எதையோ மறைக்கிறார் என்று தோன்றியது. கடலூர் செம்மண்டலத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவர் வரும்போதெல்லாம், பேச்சுக் கொடுக்கிற சாக்கில் கிட்டே போய் முகர்ந்து பார்ப்பேன்.

ஒரு மாலை தங்கை வீட்டுக்குப் போகச் சிதம்பரத்தில் இறங்கி நடந்துகொண்டிருந்தேன். வேலை முடிந்து எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த மச்சான், வீட்டுக்குப் போகும் நேர் ரோட்டை விட்டு ஒரு சந்துக்குள் திரும்பினார். இன்றைக்குப் பிடித்துவிடலாம் என்று பின்னாலேயே போனேன். எங்கும் நிற்காமல் மூன்று தெரு சுற்றித் தன் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தார். திரும்பி என்னைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"நேர் ரோட்ல ஒயின்ஷாப் இருக்கு மச்சான். தினமும் இப்படித்தான் வரேன்."

"விழ மாட்டீங்கன்னு ஆண்டவரே முடிவு பண்ணிட்டாருன்னா, அப்புறம் எதுக்குச் சுத்துறீங்க?"

"சுத்த வச்சுத்தான் காப்பாத்துறாரு போல."

பதிலைத் தயாராக வைத்திருந்தாரோ என்று அப்போதும் சந்தேகப்பட்டேன். அதற்குள் தங்கை வெளியே வந்தாள்.

"நீ எதுக்குண்ணே சந்து வழியா வர்ற?"

"வழி தெரியல" என்றேன்.

மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.