வாரக்கூடாத சருகு

நைனா கத்தினால் வீட்டில் யாரும் பயப்படமாட்டோம். அவர் பேச்சை நிறுத்தினால்தான் எனக்குப் பயம்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் ஓர் ஆராய்ச்சிச் சவுக்குத் தோப்பில் அவர் வாட்சர். தோப்பை நான்கு கட்டமாகப் பிரித்திருந்தார்கள். இரண்டில் உதிர்ந்த சருகை வாரிவிடுவார்கள். மற்ற இரண்டில் துரும்பைக்கூடத் தொடக்கூடாது. வாரினால் மரம் பருப்பது குறைகிறதா என்று ஆபீசர் வருஷாவருஷம் வந்து டேப் வைத்து அளப்பார். அடுப்புக்குச் சருகு தேடி வரும் பெண்களை விரட்டுவதே நைனாவின் உத்தியோகம். அம்மாவையே விரட்டியிருக்கிறார். அந்த வருஷம் அவர் வேலையை நிரந்தரமாக்க எழுதிப்போடுவதாக ஆபீசர் சொல்லியிருந்தார்.

எனக்கு ஒன்பது வயது. அடுப்புக்கு வாரத்தான் கூடாது, சுத்தத்துக்குப் பெருக்கலாம் என்பது என் எண்ணம். ஆபீசர் வரப்போகிறார், இடம் இவ்வளவு குப்பையாகவா கிடப்பது? முந்தின நாள் நைனா செங்கல்பட்டுக்குப் போன நேரத்தில், தொடக்கூடாத கட்டம் ஒன்றைத் தரை தெரியப் பெருக்கினேன். இன்னொன்றில் கிழக்கு மூலையை முடித்ததும் கை வலித்தது. விட்டுவிட்டேன். மூன்று கோணிச் சருகு எங்கிருந்து வந்தது என்று அம்மா கேட்கவே இல்லை. மறுநாள் ஆபீசருக்கு டீ கொதித்ததே அதில்தான்.

காலையில் தோப்பைப் பார்த்துவிட்டு வந்த நைனா வாயே திறக்காமல் அடுப்படியில் கிடந்த கோணிகளையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"யாரோ வாரிக்கினு பூட்டாங்கன்னு சொல்லுய்யா," என்றாள் அம்மா. "இல்லாங்காட்டி மிச்சத்தத் திருப்பிக் கொட்டிரு. அவருக்கு இன்னா தெரியப்போவுது?"

நைனா என் முன்னால் குந்தினார். "அந்தாண்ட கட்டத்தையும் பெருக்கினியா? பயப்படாத, சொல்லு."

கட்டத்துக்கு இத்தனை அடி விழும் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். கிழக்கு மூலையை ராத்திரிக் காற்றுக்கு உதிர்ந்த சருகு மூடியிருந்ததையும் பார்த்திருந்தேன்.

"இல்ல நைனா."

மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அதையே சொன்னேன்.

"சார், ஒரு கட்டம் பாழாப்போச்சு. எம் பொண்ணு தெரியாம பெருக்கிட்டா," என்றார் ஆபீசரிடம். "இன்னொண்ணு நல்லாகீது. அதுக்கு நான் ஜவாப்தாரி."

ஆபீசர் நோட்டில் ஒரு கட்டத்தை அடித்தார். டீயைப் பாதியில் வைத்தார். நிரந்தரம் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

எனக்கு அடி விழவில்லை. தப்பித்தோம் என்று சாயங்காலம் பாண்டி ஆடப் போனேன். அதற்கப்புறம் நாலு வருஷம் நைனா அந்த மிச்சக் கட்டத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தார். கிழக்கு மூலை மரங்களையும் சேர்த்தேதான் அளந்து எழுதினார்கள். வெயிலிலும் மழையிலும் அவர் காத்துக்கொண்டிருந்தது என் பொய்யை என்று அப்போது எனக்குத் தெரியாது.