நங்கூரம் பதிப்பகத்தின் ஈரப் புத்தகங்கள்

தேயிலை மலைக்கு நடுவில் இருக்கும் டிக்கோயாவில் கடலுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் றோலண்டுக்குக் கெட்ட கோபம் வரும். கப்பல் வரலாறு தவிர வேறெதையும் அச்சிடமாட்டேன் என்று வீட்டு முன்னறையில் நங்கூரம் பதிப்பகம் நடத்துகிற மனுஷன். படகில் ஏறினால் வாந்தி எடுப்பார். அது வேறு கதை.

ஒரு காலத்தில் கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் கொழும்பிலிருந்து தேடித் தேடி வாங்கினார்கள். பிறகு அவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர, மரண அறிவித்தலைப் பார்த்துத்தான் எத்தனை பிரதி அச்சிடுவது என்று முடிவு செய்யவேண்டிய நிலை. பாவம்!

"இந்தப் புத்தகமும் விக்கலைன்னா முன்ரூம்ல தையல் மெஷினப் போட்டுருவேன்," என்றார் மனைவி டோரீன். அவர் சொன்னால் சொன்னதுதான்.

தேயிலை ஏற்றிப்போன பழைய கப்பல்களைப் பற்றி றோலண்டே எழுதிய புத்தகம் அது. பக்கத்து ஊர் ஹட்டனில் வெளியீட்டு விழாவுக்கு எல்லாருக்கும் சொல்லியாயிற்று. டிக்கோயா மழை சும்மா இருக்குமா? அச்சாகி வந்த புத்தகக் கட்டைப் பிரித்தால் அத்தனையும் ஈரத்தில் உப்பிக் கிடந்தன. றோலண்ட் தேயிலைத் தோட்டத்து பெக்டரிக்கு ஓடினார்.

"இதுக்கா சார் அழுவுறீங்க?" என்றார் அங்கே தேயிலை தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் கணேசமூர்த்தி. "நாளைக்கு ஞாயித்துக்கெழம, கொழுந்து வராது. கொழுந்து வாட்டுற மேல்மாடில பரப்பிருவோம்."

கொழுந்து வாட்டுகிற மாதிரியே புத்தகங்களை விரித்துப் பரப்பி, அடியிலிருந்து சூட்டுக் காற்றை விட்டு, புரட்டிப் புரட்டிப் போட்டார்கள். காய்ந்துவிட்டன.

விழாவில் முதல் பிரதியை வாங்கியவர் கிறிஸ்டியன். கப்பலில் காலமெல்லாம் தேயிலைப் பெட்டி ஏற்றி இறக்கியவர். புத்தகத்தைத் திறந்தார், மூக்கருகே கொண்டுபோனார், கண் கலங்கிவிட்டது.

"ஐயோ, இது எங்க கப்பல் வாசம்ங்க!"

மண்டபமே மோந்து பார்த்தது. ஒரு பிரதி மிஞ்சவில்லை.

அப்புறம் போன் ஓயவே இல்லை. எல்லாருக்கும் அந்த வாசப் புத்தகம்தான் வேண்டுமாம். எழுதியிருப்பதைப் பற்றி ஒரு ஜீவன் வாய் திறக்கவில்லை. றோலண்டுக்கு வயிறெரிந்தது.

"வருஷக்கணக்கா மண்டைய ஒடச்சு எழுதினேன். ஒரு பயலும் படிக்கல!"

"படிக்கிறதும் மோந்து பாக்கிறதும் அவங்க பாடு. ரூம நீங்களே வச்சுக்கங்க," என்றார் டோரீன்.

தனக்கென்று ஒளித்துவைத்த பிரதியை றோலண்ட் மூக்கில் வைத்து இழுத்தார். ஒன்றும் தெரியவில்லை. டோரீனிடம் நீட்டினார்.

"என்னா வாசம்? ஒண்ணுமே வரலையே!"

பிறந்ததிலிருந்து அதே தேயிலைக் காற்றை இழுக்கிறவர்களுக்கு எங்கே வரப்போகிறது? றோலண்ட் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அடுத்த புத்தகத்தில் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. கணேசமூர்த்தியிடம் மேல்மாடியைச் சொல்லிவைக்கத்தான் போனார்.