பூவரசங்கட்டை போட்ட துப்பாக்கி

என் நாயைக் கொன்றது ஒரு காட்டுப்பன்றி. நான் கறுவிக்கொண்டு திரிந்தது என் பெரியப்பா மகன் மேல்.

வெம்பக்கோட்டைப் பக்கம் எங்கள் இரண்டு பேர் கடலைக் காட்டுக்கும் நடுவே ஒரு வரப்புதான். அவருக்குச் சிவகாசியில் வெடிக் கம்பெனியும், வீட்டில் இரட்டைக்குழல் சீமைத் துப்பாக்கியும் உண்டு. கடலை திரள்கிற பருவத்தில் காதறுந்த பன்றி ஒன்று என் காட்டை உழுது தள்ளியது. ஒருநாள் வந்து சுட்டுக் கொடுங்கள் என்று அவர் கம்பெனிக்குப் போய்க் கேட்டேன்.

"என் பயிருக்குத்தாம்லே லைசென்ஸ் கொடுத்திருக்காக, உன் பயிருக்கில்ல" என்றார். லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் முன்னால் ஒரு வெடிப் பாக்கெட்டை என் மடியில் போட்டார். "இதக் கொளுத்திப் போடு. பன்னி மதுரைக்கே ஓடிரும்." எல்லாரும் சிரித்தார்கள்.

கொளுத்திப் போட்டேன். சுற்றுவட்டாரக் கம்பெனிகளில் வெடித்துப் பார்க்கிற சத்தத்தைக் கேட்டே வளர்ந்த பன்றி அது. தலையைக்கூடத் தூக்கவில்லை. என் நாய்தான் வெறியேறிப் பாய்ந்தது. குடல் சரிந்து கிடந்ததை வேட்டியில் அள்ளிக்கொண்டு வந்து புதைத்தேன். மிச்ச வெடியைத் தூக்கி எறியவில்லை. பன்றியைச் சுட்டு அவர் கம்பெனி வாசலில் கிடத்தி, அதன் மேல் அந்தப் பாக்கெட்டை வைக்கணும் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

லைசென்சுக்கு நடந்ததில் செருப்பு தேய்ந்தது. சீமைத் துப்பாக்கி வாங்க வசதி ஏது? மதுரைக் கடையில் மூலையில் கிடந்த ஒன்றை எடுத்தேன். பட்டாளம் கழித்து, குழலைக் குடைந்து ரவைத் தோட்டாவுக்கு மாற்றி, போலீசுக்குக் கொடுத்து, அவர்களும் கழித்துக் கட்டிய பழைய போல்ட் ரைபிள். குழலின் வாய்வரை கட்டை மூடியிருந்தது. தூக்கினால் தோள் கழன்றது. வண்டி செய்கிற ஆசாரியிடம் உட்கார்ந்து முன்கட்டையைப் பாதியாக அறுத்தேன். வெடித்துப்போன பின்கட்டைக்குப் பதில் என் கன்னத்துக்கு அளவாகப் பூவரசில் ஒன்று செதுக்கினோம். உதைப்பு தாங்க அதன் அடியில் லாரி டயர்த் துண்டு, தோளில் தொங்கவிட மாட்டுத்தோல் வார். அந்தி மசங்கலில் குறி தெரிவதற்காகச் சட்டைப் பித்தானில் ஒரு சில்லு உடைத்துக் குழல் நுனியில் அரக்கு வைத்து ஒட்டினேன். உப்புத்தாள் தேய்க்கிறபோதெல்லாம் அண்ணன் சிரித்த சிரிப்புதான் கண்ணில் நின்றது. அதனால் கை ஓயவே இல்லை.

மறுவருஷக் கடலை திரளும்போது ஆயுத பூஜை வந்தது. அரிவாள், மண்வெட்டியோடு துப்பாக்கியும் சாமி முன்னால் இருந்தது. பொழுது சாயும்போது காட்டில் பன்றி இறங்கிவிட்டதாக யாரோ சத்தம் போட்டார்கள். துப்பாக்கியை எடுத்தேன். "பூஜையில வச்சத விடியாமத் தொடாதீக" என்று என் மனைவி வாசல்வரை வந்து கத்தினாள். தோட்டாப் பையை மாட்டிக்கொண்டு ஓடினேன். வெடிப் பாக்கெட்டும் அதில்தான் இருந்தது.

பன்றி அண்ணன் காட்டில் நின்றது. அதே அறுந்த காது. யார் காடாயிருந்தால் என்ன, நாய்க்கு இன்று பதில் சொல்கிறேன் என்று, தோட்டா ஏற்ற போல்ட்டின் குமிழைத் தூக்கினேன். அசையவில்லை. மறுபடி இழுத்தேன். அப்போதுதான் குழலில் ஈயம் பூசினதுபோல ஒரு பளபளப்பைக் கண்டேன். எண்ணெய் நாற்றத்தோடு சாமி முன்னால் வைக்கலாமா என்று, குத்துவிளக்கை விளக்குகிற மாதிரி என் மனைவி துப்பாக்கியையும் முந்தின நாளே புளி போட்டு விளக்கியிருக்கிறாள். போல்ட் இடுக்கில் புளித்தண்ணீர் இறங்கித் துருப்பிடித்து, அதன் மேல் அப்பிய சந்தனமும் காய்ந்து இறுகிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பம்புசெட்டுக்குப் பொட்டு வைக்க வந்திருந்த அண்ணன் வரப்பில் விழுந்தடித்து ஓடிவந்தார். அவர் துப்பாக்கி சிவகாசியில், பூஜையில். "தம்பி, சுடுலே. கடலை பூராம் போகுதுலே."

அழுகை நின்றுவிட்டது. குமிழிலிருந்து கையை எடுத்து, துப்பாக்கியை நிதானமாகத் தோளில் மாட்டினேன்.

"என் பயிருக்குத்தாண்ணே லைசென்ஸ் கொடுத்திருக்காக" என்றேன். பையிலிருந்த பாக்கெட்டை எடுத்து அவர் கையில் வைத்தேன். "இதக் கொளுத்திப் போடுங்க. ஓடிரும்."

கொளுத்தினார். ஒவ்வொன்றாக. பன்றி தின்றுகொண்டே இருந்தது. நான் வரப்பில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இல்லை. பன்றி வயிறு நிறைந்து வைப்பாற்று நாணலுக்குள் போனது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு போல்ட்டைக் கழற்றி முடித்தபோது, அது எங்கள் பக்கம் வருவதையே விட்டிருந்தது.

பிறகு எந்த விசேஷ வீட்டில் பார்த்தாலும் அண்ணன் நாலு பேரைக் கூட்டிவைத்துச் சொல்வார்: "கையில துப்பாக்கிய வச்சுக்கிட்டே என் காட்டை அழியவிட்டான். கல்நெஞ்சுக்காரப் பய." அடுப்படியில் என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

"ஆமாண்ணே" என்பேன். "சுட மனசு வரல."