கீறாத மணிக்கூடு

ஞாயிறு காலை ஆறு நாற்பது. முதலில் கண்ணில் பட்டது, எங்கள் குசினி மேசையில் விரித்திருந்த தடித்த துவாய். அதன் நடுவே ஒரு கறுப்புக் கை மணிக்கூடு.

கப்பலில் எஞ்சினியராக இருக்கும் என் மச்சான் குணம் லீவில் வந்து நிற்கிறான். மணிக்கூட்டுப் பைத்தியம். இது செராமிக் க்ரோனோகிராஃப் — பொத்தானை அமத்தி நேரத்தை அளக்கும் வகை. கீறல் விழாது, கறுப்பு மங்காது, கட்டியிருப்பதே தெரியாது... ஒருநாளும் பிழையாகக் காட்டாது. ஒரு வாரமாக இதே கதை.

“கோப்பை செய்யிற சாமானிலயோ செய்தவங்கள்?” என்றாள் என் மனைவி சாந்தி, அவனுடைய அக்கா. “விழுந்தா?”

“கீறாது அக்கா.”

“நான் கேட்டது அதில்லை.”

“...உடையும்.”

அதற்குத்தான் துவாய். கதவு நிலையைத் தாண்டும்போதும் கையை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறான். விலை கூடிய பொருளைப் பயமில்லாமல் வைத்திருக்க யாருக்கு முடிகிறது?

இதன் முகப்பில் நாடித்துடிப்பு அளவும் உண்டு. பொத்தானை அமத்தி, முப்பது துடிப்பு எண்ணி, திரும்ப அமத்தினால் முள் காட்டும் எண்தான் ஒரு நிமிடத் துடிப்பு. கையில் கட்டிக்கொண்டு என்னுடையதை அளந்தான். எழுபத்திரண்டு.

“அத்தானுக்கு இன்னும் ஆயுசு கிடக்கு.”

“எனக்கும் பாரன்,” என்று சாந்தி கறியை அடுப்பில் விட்டுவிட்டு வந்து கையை நீட்டினாள்.

குணம் எண்ணினான். முள்ளைப் பார்த்தான். இன்னொரு தரம் எண்ணினான்.

“என்னடா, முப்பது வரைக்கும் எண்ணத் தெரியாதோ?”

மூன்றாம் தரம். எட்டிப் பார்த்தேன். நூற்றி நாற்பதுக்கும் மேலே காட்டியது முள். கொஞ்ச நாளாக அவளுக்குக் களைப்பு. வெயிலால் என்றுதான் இரண்டு பேரும் நினைத்திருந்தோம்.

குணம் மணிக்கூட்டைக் கழற்றினான். துவாயை விட்டு, வெறும் மேசையில் வைத்தான்.

“இது சிலவேளை பிழையாக் காட்டும் அத்தான்,” என்றான்.

அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

ஆஸ்பத்திரிக்குப் போன ஓட்டோவில் சாந்தி பகிடி விட்டுக்கொண்டே வந்தாள். “கறி கருகினா ரெண்டு பேருக்கும் இருக்கு.” ஓம், ஓம் என்றோம். துறைமுக வீதியில், எங்கள் ஊரில் தெருவெல்லாம் திரிகிற மான்கள் படுத்திருந்தன. அவை எழும்பும் வரை ஓட்டோ நின்றது. என் விரல்கள் அவள் மணிக்கட்டில். எண்ண ஏலவில்லை — துடிப்பு ஓடியது, தடக்கியது, திரும்ப ஓடியது.

ஆஸ்பத்திரியில் தாதி அவளுடைய கையைப் பிடித்து, தன் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினார். அவருக்கும் நூற்றி நாற்பதுக்கு மேலேதான் வந்தது.

சாந்தியை வீட்டுக்கு விடாமல் வார்டில் மறித்துவிட்டார்கள்.