முழங்கையைப் படித்த குற்றம்

அரிசிக்கு ஜனங்கள் வரிசையில் நின்ற அறுபதுகளின் நடுவில், செஞ்சியில், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டி ஒன்றில் எடை கூவிக்கொண்டிருந்தேன். சாம்பிள் பார்ப்பதாக மூட்டைக்கு மூட்டை முதலாளி அள்ளும் மல்லாட்டை, சாயங்காலமானால் அவர் வீட்டுக்குப் போய்விடும். "நம்ம மொதலாளிக்கு சாம்பிள்லயே ஒரு காணி வெளையுது" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். மண்டியே சிரித்தது, அவரைத் தவிர. மறுநாள் எனக்கு வேலை இல்லை. என் நகைச்சுவைக்கு வந்த முதல் விமரிசனம் அது.

அதோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். மண்டியில் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மண்டிக்காரரும் வாங்க வந்தவரும் ஒரு துண்டுக்கு அடியில் கையைப் பிடித்து, விரலை அழுத்தியே பேசி முடிப்பார்கள். அந்த விலையை நான் காசுக்கு வெளியே சொல்லிப் பிழைத்தேன் என்று முதலாளி கடைவீதி முழுக்கப் பரப்பினார். துண்டுக்குள் கைவிட்டே அறியாதவனுக்கு எப்படித் தெரியும் என்று யாரோ கேட்டதற்கு, "முழங்கை ஆடறத வெச்சே கண்டுபுட்ச்சிடுவான்யா, படிச்ச நாயி" என்றாராம். என் படிப்புக்கு ஊரில் கிடைத்த ஒரே மரியாதை.

செஞ்சியில் ஒரு மண்டியும் என்னைச் சேர்க்கவில்லை. அவலூர்பேட்டையில் மண்டி வைத்திருந்த நயினாரிடம் போய் நின்றேன்.

"உன்ன வெச்சா யாவாரிங்க துண்ட உட்டுட்டு ஜமுக்காளம் எடுத்துனு வருவானுங்க தம்பி. சந்தைக்கு உன் பழைய மொதலாளி வருவாரு. அவரு வாயால இல்லன்னு சொல்லட்டும். அன்னிக்கே தராசுகிட்ட நில்லு."

சந்தையன்று முதலாளி வாங்க வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் கோணியது.

"இன்னா புலவரே, இங்கயும் வந்துட்டியா?"

"நீங்க சொன்னது பொய்யின்னு நயினார்கிட்ட சொல்லுங்க."

"நானா சொன்னேன்? ஊரு சொல்லுது. ஊரு வாய மூட நான் இன்னா உலமூடியா?"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "அப்ப ரெண்டு பேரும் இப்பவே துண்டு போடுங்க. நான் பாத்துனு நிக்கறேன். எனக்கு ஒரு எழவும் தெரியாதுன்னு எல்லாரும் பாக்கட்டும்" என்றேன். புத்தகம் படிப்பவனுக்குத்தான் இப்படிப்பட்ட யோசனை வரும்.

வண்டியிலிருந்து அப்போதுதான் மூட்டை இறக்கியிருந்த குடியானவர் ஒருவரின் சரக்குக்குத் துண்டு போட்டார்கள். முதலாளி விலையை அழுத்தினார். கூட்டம் என்னைப் பார்த்தது.

"தெரியாது" என்றேன்.

"நடிப்ப பாருய்யா! தெரிஞ்சினே தெரியாதுன்றான்" என்றார் முதலாளி.

"எதனா ஒண்ணு சொல்லு தம்பி, தப்பா இருந்தா தீந்துது" என்றார் நயினார்.

தப்பாகத்தானே இருக்க வேண்டும்? அந்தப் பருவத்தில் மனசாட்சி உள்ள எவனும் கேட்கத் துணியாத, புழு வைத்த சரக்குக்குக்கூடக் கிடைக்கிற ஒரு விலையைத் தேடிப் பிடித்துச் சொன்னேன்.

நயினார் துண்டிலிருந்து கையை மெதுவாக எடுத்தார். "அதான்" என்றார்.

உள்ளே இருந்தது யாருடைய கை என்பதை நான் யோசிக்கவில்லை.

மூட்டைக்காரர் எகிறினார். "இன்னாது? என் மல்லாட்டைக்கா? புண்ணாக்கே இதுக்கு மேல போவுதேய்யா, படுபாவி!" சொல்லிக்கொண்டே மூட்டையைத் திரும்ப வண்டியில் ஏற்றினார். பக்கத்தில் நின்ற இரண்டொருவரும் தங்கள் மூட்டையை இழுத்துக்கொண்டார்கள். சரக்கு கைவிட்டுப் போகிறது. முதலாளிக்கோ ஆனந்தம் தாங்கவில்லை.

"நான் சொல்லல? முழங்கைய பாத்தே சொல்லிட்டான்!"

"முழங்கைய பாக்கல. உன் புத்திய பாத்து சொன்னேன்." அவரை ஒருமையில் பேசியது அதுதான் முதல் முறை. இனித்தது.

நயினார் என்னைத் தனியாக அழைத்தார். "நீ யோக்கியன்னு எனக்குத் தெரியுது. அவன் கஞ்சத்தனம் உனக்கு அத்துப்படி, அவ்ளோதான். ஆனா சந்தையே பாத்துடுச்சே தம்பி. நான் எவன் எவங்கிட்ட போயி வெளக்குவேன்?"

தராசைப் பார்த்தபடி வெளியே வந்தேன். செஞ்சி பஸ்ஸில் காலியாக இருந்த ஒரே இடம் முதலாளியின் பக்கத்தில். அவர் தன் பையை எடுத்து அதில் வைத்தார். வைக்காவிட்டாலும் நான் உட்கார்ந்திருக்க மாட்டேன். ஊர் வரும்வரை, அவர் தலைக்கு நேர் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் முழங்கை அவர் முகத்துக்கு எதிரே ஆடும்படி நின்றுகொண்டே வந்தேன்.