விசாலத்தின் குண்டு

ஜிந்துப்பிட்டியில் விசாலத்தைக் குண்டு என்று கூப்பிட ஒரே ஒரு ஆளுக்குத்தான் உரிமை இருந்தது. அது அவள் புருஷன் பழனி. வேறு யாராவது வாய் தவறிச் சொல்லியிருந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். பழனி கூப்பிட்டால் மட்டும், அடுப்பில் எது தீய்ந்தாலும் சரி, "என்னங்க" என்று எழுந்து வருவாள்.

பழனி புறக்கோட்டையில் ஒரு பருப்புக் கடையில் ஸ்டோர்க்காரன். மாலையில் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்ததில்லை. ஒருநாள் உளுந்து வடை, ஒருநாள் அவித்த கடலை, கையில் காசில்லாத நாளில் மூட்டையிலிருந்து சிந்திய கற்கண்டு. வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பொட்டலத்தை நீட்டி, "குண்டு, இந்தா" என்பான். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கிற நேரந்தான் அவர்களுக்குத் திருவிழா.

தாலியில் கோக்கிற பொன்மணிக்கும் அவர்கள் ஆட்களிடையே குண்டு என்றுதான் பெயர். கல்யாணமான மூன்றாம் மாதம் தாலி பெருக்கிப் போடும்போது, தாலிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு குண்டு கோக்க வேண்டும். அதற்காகச் செட்டியார் தெரு நகைக்கடைக்கு அவளைக் கூட்டிப்போன பழனி, கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தான். தங்கந்தானா என்று பார்த்தானாம். உள்ளே கூடான குண்டு, நறுக்கென்று நசுங்கியது. கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறொன்றை எடுத்து வைத்தார். விசாலம் வாங்க மறுத்துவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரர் கடிச்சதே இருக்கட்டுங்க."

"குண்டுக்கு ரெண்டு குண்டு," என்றான் பழனி. கடைக்காரருக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது.

அவனைச் சுட வேண்டும் என்று யாரும் வரவில்லை. அதைத்தான் விசாலத்தால் இன்றைக்கும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர், தெருமுனைத் தேத்தண்ணிக் கடையில் நின்ற வேறொருவனைச் சுட்டார்கள். அவன் ஓடித் தப்பிவிட்டான். வடைப் பொட்டலத்துக்காகக் காத்து நின்ற பழனி விழுந்தான். பட்டாசு என்று நினைத்து எட்டிப் பார்த்த விசாலம், யாரோ "பழனி அண்ணன்" என்றதும் ஓடினாள். தெருவில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தெருப் பையன்கள் அவனைத் தூக்கி த்ரீவீலரில் ஏற்ற இழுத்தபோது, அவன் சட்டைப் பொத்தானில் மாட்டித் தாலிக்கயிறு அறுந்தது. தாலியையும் ஒரு குண்டையும் அவள் கை எப்படியோ பிடித்துக்கொண்டது. பல் பட்ட குண்டு உருண்டு ஓடிவிட்டது.

த்ரீவீலரில் அவளுக்கு இடமில்லை. அவன் உயிரோடுதான் போகிறான். கயிறு அறுந்தது நல்லதற்கில்லை, அவன் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் திரும்பக் கோத்துக் கட்டிவிட வேண்டும். அந்த நேரத்தில் அவள் புத்தியில் நின்றது அது ஒன்றுதான். குண்டு கிடைத்தால் பழனி பிழைப்பான். மண்டியிட்டு, இரண்டு கையாலும் தெருவைத் தடவினாள்.

அதற்குள் பொலிஸ் வந்து மஞ்சள் நாடா கட்டிவிட்டது. தரையில் கிடந்த வெற்றுத் தோட்டாக்களுக்குப் பக்கத்தில் இலக்கம் எழுதிய அட்டைகளை வைத்துப் படம் பிடித்தார்கள். விசாலத்தை நாடாவுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினார்கள். அங்கே நின்ற சார்ஜன் ஜயவீரவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கெஞ்சினாள்.

"ஐயா, குண்டு ஒண்ணு விழுந்துடுச்சுங்க. இங்கதான் எங்கயோ. தேடிக் குடுங்க."

சார்ஜனுக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் குண்டு என்ற சொல் இருந்தது. துப்பாக்கியிலிருந்து வருவது குண்டு. இந்த அம்மா ஒரு குண்டு விழுந்ததைக் கண்டிருக்கிறாள். உடனே நாலு பேரை டோர்ச்சோடு இறக்கினார். பாவம், அவ்வளவு அக்கறையாகத் தேடினார்கள். சாக்கடைக் காணின் கம்பி வலையருகே, இரத்தமும் சேறும் அப்பி, கறுத்துப்போன ஒரு சிறு உருண்டை அகப்பட்டது. விசாலத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாடாவுக்கு மேலாகக் கையை நீட்டினாள்.

"அதுதாங்க. குடுங்க, குடுங்க."

"அம்மா, தொட வாணாம்," என்றார் சார்ஜன். கையுறை போட்ட ஒருவர் அதை இடுக்கியால் எடுத்து, தனி உறையில் இட்டு, மூடி, மேலே ஆறு என்று இலக்கமிட்டுக் கையெழுத்து வைத்தார். கையை நீட்டியபடி அவள் நின்றுகொண்டிருந்தபோதே த்ரீவீலர் திரும்பி வந்தது. இறங்கியவர்கள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

காரியத்தன்று தாலியைக் கழற்றிப் பாலில் போடச் சொன்னார்கள். போட்டாள். "இன்னொரு குண்டு பொலிஸ்ல இருக்கு, அதையும் போட்டாத்தான் முடியும்," என்றாள். துக்கத்தில் பேசுகிறாள் என்று பெண்கள் விட்டுவிட்டார்கள்.

அதன்பிறகு அவளுடைய நாட்கள் கோர்ட் வாசலில் கழிந்தன. பக்கத்து வீட்டு உம்மு குல்தூம் மட்டும் ஒரு தவணை விடாமல் கூட வந்தாள். வீட்டில் இடியப்பம் அவித்து விற்கிறவள். அன்றைக்கு வியாபாரம் போனால் போகட்டும் என்பாள். குண்டு எங்கே என்று விசாலம் கேட்கும்போதெல்லாம் ஒரு புதுப் பதில் கிடைத்தது. அரக்கு முத்திரை வைத்து நீதிமன்றத்தில் ஒப்படைத்தாயிற்று. நீதவானின் கட்டளையோடு அரச பகுப்பாய்வாளரிடம் போயிருக்கிறது. துப்பாக்கி இன்னும் அகப்படவில்லை. துப்பாக்கி அகப்பட்டுவிட்டது, அதுவும் போயிருக்கிறது. கை மாறும் ஒவ்வொரு தடவையும் கொடுத்தவர் கையெழுத்து, வாங்கியவர் கையெழுத்து. முத்திரையில் ஒரு கீறல் விழுந்தாலும் வழக்கு நிற்காதாம். பழனி நடந்து வந்த தெருவுக்கு இதில் கால்வாசிக் காவல் இருந்திருந்தால், அவன் அன்றைக்கு வடையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்திருப்பான்.

கோர்ட் விறாந்தையில் ஒருநாள் சார்ஜன் அவளுக்கு விளங்கப்படுத்தினார். "துவக்கு சுட்டா குண்டுல கோடு விழும் அம்மா. வேற துவக்கு, வேற கோடு. அங்க தண்ணித் தொட்டிக்குள்ள சுட்டு, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்பாங்க. பொய் சொல்ல ஏலாது."

எதற்கோ அவள் தலையாட்டினாள். நாள் முழுக்க அந்த விறாந்தையில் குண்டு, குண்டு என்று யாராவது சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். வீட்டில் அந்தச் சொல் செத்துப் பலகாலம். அவளும் இப்போது குண்டு இல்லை. ரவிக்கைகளை இரண்டு தடவை பிடித்துத் தைத்தாயிற்று. சாயந்தரத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் இன்னும் நெஞ்சு ஒருதரம் எழுந்து உட்காரும். பிறகு அது அடுத்த வீட்டுக்காரர் என்று தெரியும். பழனி வேண்டும். அது நடக்காது என்றால் அவன் பல் பட்ட அந்தக் குண்டாவது வேண்டும். வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

முதல் விசாரணையில் அவள் சாட்சிக் கூண்டில் ஏறி, "குண்டு விழுந்துச்சுங்க, நான்தான் தேடச் சொன்னேன்," என்றாள். மொழிபெயர்ப்பாளர் யோகராஜ் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல சிங்களம். துப்பாக்கிக் குண்டு என்றே சிங்களத்தில் சொன்னார். அவ்வளவுதான், சுட்டதாகப் பிடிபட்டிருந்த எதிராளியின் சட்டத்தரணி எழுந்துவிட்டார். பறந்த குண்டு விழுந்ததை இந்த அம்மா எப்படிக் கண்டார்? அப்படியென்றால் இன்னொரு துப்பாக்கி இருந்ததா? விசாலத்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அழுதுகொண்டு இறங்கினாள்.

பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்த அன்றைக்குத்தான் குட்டு உடைந்தது. மற்ற உறைகளில் இருந்தவை அகப்பட்ட துப்பாக்கிக்குப் பொருந்தின. ஆறாவது உறையில் இருப்பது எந்தத் துப்பாக்கியிலிருந்தும் வந்ததல்ல, துளையிட்ட பொன் உருண்டை என்றிருந்தது. யோகராஜ் விறாந்தைக்கு ஓடி வந்தார்.

"அம்மா, நீங்கள் குண்டு எண்டு சொன்னது எதை?"

"தாலிக்குண்டுதாங்க. வேற என்ன குண்டு?"

யோகராஜ் நெற்றியில் அடித்துக்கொண்டார். "எங்கட ஆக்கள் அதைக் குண்டு எண்டு சொல்லுறேல்ல அம்மா. கொடியில தாலி, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஐயோ, நானும் தமிழன்தானே, ஒருக்காக் கேட்டிருக்கலாம்." பிறகு பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். "இனி இது வழக்குக்குத் தேவையில்லை. அடையாளம் காட்டினா நீதவான் விடுவிப்பா. ஆனா குண்டு எண்டு மட்டும் வாயே திறக்காதேங்கோ. தங்கமணி எண்டு சொல்லுங்கோ. திரும்பக் குழம்பினா, வழக்கு முடியுமட்டும் உள்ளதான் கிடக்கும்."

"வெளங்கிச்சா?" என்று உம்மு குல்தூம் அவள் தொடையைத் தட்டினாள். "தங்கமணி. எங்க, சொல்லுங்க பாப்பம்."

"தங்கமணி," என்றாள் விசாலம். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தாள். அடுத்த தவணை வரைக்கும், அரிசி களையும்போதுகூட அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த நாள் வந்தது. மெலிந்த, கண்ணாடி போட்ட அம்மா ஒருவர்தான் நீதவான். அவர் முன்னால் முத்திரையைக் காட்டி, உடைத்து, உறையை வெள்ளைத் தாளில் கவிழ்த்தார்கள். யாரோ கழுவியிருக்க வேண்டும். கறுப்பெல்லாம் போய், மஞ்சளாக, அது அரை வட்டம் உருண்டு நின்றது.

"மே மொகக்த?" என்றார் நீதவான்.

"இது என்ன எண்டு கேக்கிறா," என்றார் யோகராஜ்.

விசாலத்தின் வாயில் தங்கமணி தயாராகத்தான் இருந்தது. ஆனால் கண் அந்தத் தாளை விட்டு வரவில்லை.

"குண்டு," என்றாள்.

பின்வரிசையில் உம்மு குல்தூம் தலையில் கை வைத்தாள். சட்டத்தரணி நாற்காலியை நகர்த்தினார். யோகராஜ் நீதவானிடம் சிங்களத்தில் நீளமாகப் பேசினார். சத்தியம் செய்துவிட்டு நிற்கிற மனுஷன், அவள் சொன்னதை மாற்றிச் சொல்ல அவரால் ஆகாது. தமிழில் இந்த ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள், தான் எங்கே பிழை விட்டார் என்பதையெல்லாம் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"மணி எண்டு சொல்லலாமே, ஏன் அந்தச் சொல்லையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்கள் எண்டு கேக்கிறா."

"மணின்னு சொன்னா வேற யாரோடதோ மாதிரி இருக்குங்க," என்றாள் விசாலம். "அவரு குண்டுன்னு சொல்லித்தான் வாங்கிக் குடுத்தாரு. என்னையும் அப்படித்தான் கூப்புடுவாரு. இப்ப கூப்புட ஆள் இல்லீங்க."

யோகராஜ் அதைச் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. நீதவான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உங்களுடையதுதான் என்பதற்கு ஏதாவது அடையாளம் உண்டா என்று கேட்டார்.

"ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். கடையில வச்சுக் கடிச்சுட்டாரு. அவரு பல்லுத் தடம்."

நீதவான் தாளைக் கண்ணருகே பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுதுவினைஞரிடம் இரண்டு வரி சொன்னார். அந்தப் பொருளின் பெயரை அந்த அம்மா சொன்ன சொல்லிலேயே எழுதச் சொன்னார் என்று யோகராஜ் பின்னால் சொல்லித்தான் தெரிந்தது.

விறாந்தையில் கிடந்த வாங்கில் உட்கார்ந்து விசாலம் காத்திருந்தாள். உள்ளே கையெழுத்துகள் முடிய வேண்டும். உம்மு குல்தூம் தண்ணீர் வாங்கப் போயிருந்தாள். களைப்பில் விசாலம் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்தாள். பாலில் போட இன்னொன்று வந்துவிட்டது, இனி எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தபோது, அது வராமலே இருந்திருக்கலாமோ என்றும் இருந்தது.

சார்ஜன் ஜயவீர சிறிய பொட்டலம் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். இந்தா என்பதற்கு அவருக்குத் தமிழ் வரவில்லை. தெரிந்த தமிழ்ச் சொல்லோடு தன் சிங்களத்தைச் சேர்த்து, கையை நீட்டினார்.

"குண்டு, மென்ன."

"என்னங்க," என்று விசாலம் எழுந்துவிட்டாள்.